கவுதாரிக் கணவாய்க்கு வைத்த பெயர்

எல் தூர்
9 அக்டோபர் 1996

ஃபுரைஜுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதற்குப் பதில் ஸலாம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன் இஷ்டம். பதினோரு வருடமாக உன்னிடமிருந்து ஒரு சொல்லும் வராமல் இருக்கப் பழகிவிட்டேன்.

எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். போன வாரம் லாரிக்கார மிஸ்பாஹ் நான் வேலை செய்யும் ஐஸ் கிடங்குக்கு வந்தான். நம் மலையை அளந்து வரைபடம் போட வந்திருக்கும் கெய்ரோ இன்ஜினியருக்கு மண்ணெண்ணெயும் டப்பாச் சாப்பாடும் ஏற்றிப் போகிறவன் அவன்தான். மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, எல்லார் முன்னாலும், "என்ன ஸுவைலிம், உம் பேரு மேப்புல ஏறிடுச்சாமே! எங்களுக்கெல்லாம் எப்ப ஆடு அறுக்கப் போற?" என்று கேட்டுச் சிரித்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவனே சொன்னான். அந்த இன்ஜினியருக்கு நீதான் வழிகாட்டியாம். ஒவ்வொரு முகட்டுக்கும் காட்டாற்றுக்கும் நீ பெயர் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்கிறாராம். கவுதாரிக் கணவாய்க்கு வந்ததும் நீ 'ஸுவைலிமின் கருங்குவியல்' என்று சொன்னாயாம்.

அந்தக் குவியலை நீ உன் கையால் அடுக்கினாய். வாக்குக் கொடுத்துத் தவறியவனுக்கு நம் மக்கள் எழுப்புகிற கருங்கல் குவியல். அடுக்கியவன் கைதான் அதைப் பிரிக்கவும் வேண்டும். பிரிக்கச் சொல்லி நான் அன்றும் கெஞ்சவில்லை, இன்றும் கேட்கவில்லை. அது நிற்கிறவரை என்னால் அந்தக் கணவாயைத் தாண்டி மேலே வர முடியாது. சரி, வரவில்லை. கடலோரத்தில் ஐஸ் உடைத்துப் பிழைத்துக்கொண்டேன். கல்தானே, ஒருநாள் நிலம் நடுங்கினால் சரிந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டும் இருந்தேன். அச்சில் ஏறிய பெயர் எந்த நடுக்கத்தில் சரியும், சொல்.

என் மூத்தவள் ரயாவுக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் இப்போதே கடைப் பலகையையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். நாளைக்கு அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு, "தாத்தா, இது உங்க பேருதானே, ஏன் இப்படிப் போட்டிருக்கு?" என்று கேட்டால் நான் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்?

தாள் கெய்ரோவுக்குப் போவது பிப்ரவரிக் கடைசியில்தான் என்கிறான் மிஸ்பாஹ். அதற்குள் இன்ஜினியரிடம் பழைய பெயரைச் சொல்லிவிடு. நம் பாட்டன் காலத்திலிருந்து அது கவுதாரிக் கணவாய். நான் கேட்பது இவ்வளவுதான்.

உன் தங்கை நலம். பக்கத்தில்தான் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். "உங்க அண்ணனுக்கு ஏதாவது எழுதணுமா?" என்று கேட்டேன். நுவைரா வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்த விஷயத்தைப் பற்றி அவள் என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஃபுரைஜ். நான் அன்றைக்கு அங்கே வந்தேனா இல்லையா என்றுகூடக் கேட்டதில்லை. குவியலைவிட எனக்கு அதுதான் கனமாக இருக்கிறது.

ஸுவைலிம்


மேல்சுனை
27 அக்டோபர் 1996

ஸுவைலிமுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் விட்டுப் பாவம் சேர்த்துக்கொள்கிற வயதைத் தாண்டிவிட்டேன்.

இன்ஜினியர் பெயர் வஹீத். நல்ல மனிதர், பாதம்தான் நகரத்துப் பாதம். காலையில் கிளம்பினால் பத்து மணிக்கெல்லாம் ஒரு காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறார். வாய் மட்டும் ஓய்வதில்லை. "இந்தப் பாறைக்கு என்ன பேரு?" என்பார். "பாறை" என்பேன். "தனிப் பேரு கிடையாதா?" "அதுலேருந்து இன்னும் யாரும் விழல சார். விழுந்தாத்தானே பேரு வரும்!" அதையும் எழுதிக்கொள்கிறார், பைத்தியக்கார மனிதர். கிழவன் பல், மருமகள் திரும்பிப் போன மேடு, ஏமாற்றுச் சுனை, ஒட்டகம் உட்கார்ந்த ஓடை எல்லாம் ஏறிவிட்டன. உம்மு ஷோமர் முகட்டில் ஏறி நின்று கடலைப் பார்த்தபோது உன் ஊரும் தெரிந்தது. வெள்ளையாக ஒரு கோடு, அவ்வளவுதான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் சொன்னதால் மட்டும் எதுவும் ஏறுவதில்லை. எந்தப் பெயரையும் அவர் மூன்று பேரிடம் கேட்கிறார். மூன்றும் ஒத்துப்போனால்தான் மையில் எழுதுகிறார். கணவாயில் என்னிடம் கேட்டார், பிறகு ஆடு ஓட்டிக்கொண்டு வந்த இரண்டு பெண்களிடம் கேட்டார். மூன்று வாயும் ஒரே பெயரைச் சொன்னது. கவுதாரி அங்கே கடைசியாகக் கத்தி எத்தனை வருடமாகிறதோ! ஊர்வாயை மூட உலைமூடிக்கு நான் எங்கே போவேன்?

'என் முகத்தின் மேல் ஆணை, வியாழன் உச்சிப்பொழுதுக்கு ஒட்டகத்தோடு வருவேன்' என்று சொல்லி அனுப்பியவன் நீ. என் தம்பி ஹுமைத் குடல் முறுக்கிக்கொண்டு மூன்று நாள் துடித்தவன், அந்தச் சொல்லை நம்பித்தான் என் முதுகில் ஏறினான். பாறைகளுக்குள் அவனைச் சுமந்து இறக்கினேன். முப்பது வயதுகூட ஆகாமல் அங்கேயே போய்ச் சேர்ந்தான். உனக்கு இப்போது பெயர்க் கவலை. தூரில் மீன் தின்று தின்று உனக்கு மலைச் சட்டம் மறந்துவிட்டது போலிருக்கிறது.

மிஸ்பாஹிடம் ஒரு பை காய்ந்த அத்திப்பழம் கொடுத்திருக்கிறேன். அது நுவைராவுக்கு. உனக்கல்ல.

ஃபுரைஜ்


எல் தூர்
14 நவம்பர் 1996

ஃபுரைஜ்,

அத்திப்பழம் வந்தது. உன் தங்கை எனக்கும் நான்கு கொடுத்தாள், தின்றேன். இதற்கும் ஒரு குவியல் அடுக்குவதென்றால் அடுக்கிக்கொள்.

இத்தனை வருடம் நான் யாரிடமும் முழுதாகச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். அன்று பஞ்சாயத்தில் என்னைப் பேச விட்டால்தானே! வாயைத் திறந்ததும், "மரம் காணோமாம், மரம் நடந்து போயிடுச்சாம்!" என்று ஒருவன் கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நீ சொல்லி அனுப்பிய இடம் எது? வறண்ட காட்டாறு இரண்டாகப் பிரிகிற இடத்தில் நிற்கும் ஒற்றைக் குடைவேல மரம். மேல்சுனைக்குப் போகிற வலது கிளையில் பாறை அடைசல், ஒட்டகம் ஏறாது. அதனால் நீங்கள் இறங்கி மரத்தடிக்கு வருவது, நான் ஒட்டகத்தோடு அங்கே காத்திருப்பது, அன்றிரவுக்குள் தூர் ஆஸ்பத்திரி. புதன்கிழமை மாலையே கிளம்பிவிட்டேன். சமவெளி தாண்டி ஆற்று வாய்க்குள் நுழையும்போதே புழுதிக் காற்று பிடித்துக்கொண்டது. ஏப்ரல் மாதக் காற்று உனக்குத் தெரியாததா? ஒட்டகத்தின் தலை எனக்குத் தெரியவில்லை. முகட்டைப் பார்த்து இடம் சொல்லலாம் என்றால் முகடே இல்லை. கையில் கயிறு, காலடியில் கல், இரண்டுதான் உலகத்தில் மிச்சம். மரத்தைத்தான் நம்பி வந்தேன். அந்த மரம் தடம் ஓரத்திலேயே நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு போனாலும் முள் கையைக் கிழிக்கும்.

முள் கிழிக்கவே இல்லை. இன்னும் அந்த இடம் வரவில்லை என்று நினைத்து நடந்தேன். நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு குடைவேல மரம் வந்தது. இதுதான் என்று ஒட்டகத்தை உட்கார வைத்துவிட்டு உங்களைக் கூப்பிட்டுக் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன், ஃபுரைஜ். அது இடது கிளையில் அரை நாள் மேலே இருக்கிற வேறு மரம் என்று சனிக்கிழமை காலையில் காற்று அடங்கிக் கிழவன் பல் முகடு தெரிந்த பிறகுதான் புரிந்தது. கிழவன் பல் எனக்கு வலக்கைப் பக்கம் நிற்க வேண்டும், இடக்கைப் பக்கம் நின்றது. ஒட்டகத்தை அடித்து ஓட்டிக்கொண்டு இறங்கி வந்தேன். புதிதாக அடக்கம் செய்த ஒரு கபுர் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பஞ்சாயத்தில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். வியாழன் உச்சிப்பொழுதிலிருந்து அந்த இடத்தை விட்டு அசையவில்லை, ஸுவைலிம் அந்த வழியாக வரவே இல்லை என்றாய். அந்த மரம் சில வருடத்துக்கு முன்பே வெள்ளத்தில் போய்விட்டது, மரத்தடி என்பது இப்போது வெறும் இடப்பெயர், மலையில் பிறந்தவனுக்கு அது தெரியாமல் இருக்காது என்றாய். நான் அதற்கு முந்தின கோடையில் அந்த மரத்தடியில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். என் ஒட்டகம் அதன் நெற்றைத் தின்றது. ஒரு குளிர்காலத்துக்குள் அது எங்கே போனது? வெள்ளம் வந்திருந்தால் தூருக்குத் தெரியாமலா வந்திருக்கும்?

சில நாள் எனக்கே சந்தேகம் வருகிறது. அந்த மரத்தை நான் பார்த்தேனா, கனவு கண்டேனா என்று. நுவைராவிடம் சொன்னால் நம்புவாளா என்று யோசிப்பேன், பிறகு வாயை மூடிக்கொள்வேன். ஊமை கண்ட கனவாக இது எனக்குள்ளேயே கிடக்கிறது.

ஸுவைலிம்


மேல்சுனை
20 டிசம்பர் 1996

ஸுவைலிமுக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதமாகிறது. இங்கே பனி விழுந்து கணவாய் அடைத்துக்கொண்டது. வஹீத் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு நம் வீட்டிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். நாள் முழுக்க அடுப்படியில் தாளை விரித்துக் கோடு போடுகிறார். என் மனைவி அவர் மேல் பாத்திரத்தை வைக்காத குறைதான்.

எனக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. மேட்டில் ஏறும்போது தாங்குகிறது, இறங்கும்போது என்னைக் கேட்காமல் மடங்குகிறது. இந்த வேலையை ஒத்துக்கொண்டதே தப்பு என்று இப்போது தோன்றுகிறது. ஒவ்வொரு இடத்தையும் நின்று பார்த்துப் பெயர் சொல்வது சின்ன வேலை என்று நினைத்திருந்தேன். நாம் பார்க்காமல் தாண்டிப் போகிற இடங்களிலும் அவர் நிற்கிறார்.

இன்னும் காட்டாறு பிரிகிற இடம் பாக்கி இருக்கிறது. பனி கரைந்த பிறகு, நோன்பும் முடிந்து, போகலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அது உங்க தம்பி கபுர் இருக்கற இடம்தானே, நீங்க வராம எப்படி?" என்கிறார்.

உன் கேள்வியை விடு. இனி எழுதாதே. நுவைராவுக்குக் குளிர் காலத்தில் மூச்சு இழுக்குமே, இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் மிஸ்பாஹிடம் சொல்லி அனுப்பு.

ஃபுரைஜ்


எல் தூர்
8 ஜனவரி 1997

ஃபுரைஜுக்கு,

எழுதாதே என்றாய். இதுதான் கடைசி. நுவைராவுக்கு இந்த வருடம் மூச்சு பரவாயில்லை, கடல் காற்று ஒத்துக்கொண்டுவிட்டது.

போன கடிதத்தில் எல்லாம் சொன்னதாக எழுதினேன். ஒன்றைச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாளில் நோன்பு வருகிறது, அதை வயிற்றில் வைத்துக்கொண்டு நோன்பு பிடிக்க மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காற்று நடுவில் ஒரு கணம் தணிந்தது. சரிவில் ஒரு பெண் ஆடுகளை ஒரு பாறை மறைவில் ஒதுக்கி நிறுத்திக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்துவிட்டாள். "எங்க போறீங்க மாமா?" என்று குரல் கொடுத்தாள். எனக்கு அப்போதே உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது, இவ்வளவு தூரம் நடந்தும் மரம் வரவில்லையே என்று. 'பிரிகிற இடம் தாண்டிவிட்டதா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவள் கையை நீட்டித் திரும்பிப் போகச் சொல்லியிருப்பாள்.

கேட்கவில்லை. மேல்சுனையில் பிறந்தவன், ஆடு மேய்க்கிற ஒரு சிறுபெண்ணிடம் வழி கேட்பதா? தூருக்குப் போய் ஆறே வருடத்தில் ஸுவைலிமுக்கு வழி மறந்துவிட்டது என்று அவள் சாயங்காலம் கிணற்றடியில் சொல்லிச் சிரிப்பாளே என்று தோன்றியது. அந்த நேரத்தில் எனக்கு ஹுமைதின் வயிறு நினைவுக்கு வரவில்லை, அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது. தலைத்துணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, தெரிந்தவன் மாதிரி விறுவிறுவென்று நடந்தேன். அவள் யார் வீட்டுப் பெண் என்றுகூடத் தெரியாது. தெரிந்திருந்தால் சாட்சிக்காவது கூப்பிட்டிருக்கலாம்.

ஆகவே குவியலில் பாதி எனக்கு நியாயமாகச் சேர வேண்டியதுதான். மரத்தைப் பற்றி நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் மரம் மட்டும் அவனைக் கொல்லவில்லை. எனக்கு அலுத்துவிட்டது, ஃபுரைஜ். தாளில் என்ன எழுதுவதாக இருந்தாலும் எழுதிக்கொள்.

ஸுவைலிம்


மேல்சுனை
21 பிப்ரவரி 1997

ஸுவைலிமுக்கு,

இதை நுவைராவுக்குப் படித்துக் காட்டு. பாதியை விழுங்காமல் படி.

பெருநாள் முடிந்து நான்காம் நாள் காட்டாறு பிரிகிற இடத்துக்குப் போனோம். வஹீதுக்குத் தன் அளவுக் கருவியை நிறுத்த இரண்டு கிளையும் தெரிகிற மேடு வேண்டும். ஹுமைதின் கபுரிலிருந்து இருபதடி தள்ளி ஒரு கல் மேடு. அதில் ஏறினார். "அங்க வேணாம் சார்" என்றேன். "ஏன், இதுவும் கபுரா?" "இல்ல." "அப்புறம் என்ன?" அவர் காத்திருக்காமல் கருவியின் முக்காலியை அதன் மேல் நிறுத்தினார். முக்காலி ஆடியது. ஆடுகிற கல்லை எடுத்துப் போட்டார், அதற்கடியில் இருந்ததை எடுத்தார், அதற்கும் அடியில் இருந்ததை எடுத்தார். நான் ஹுமைதின் கபுரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மரத்தின் அடிக்கட்டை தெரிந்தது. காய்ந்து இரும்பாகியிருந்தது. அதன் மேல் கோடாலி வெட்டு, நேற்று வெட்டியது மாதிரி அப்படியே இருந்தது.

வஹீதுக்கு நம் கதை தெரியும். போகிற வழியில் நானே சொல்லியிருந்தேன், நான் சொல்கிற விதத்தில். அவர் சத்தம் போடவில்லை. "வெள்ளத்துல போன மரத்துல கோடாலி எப்படிப் பட்டுச்சு, ஃபுரைஜ்?" என்று மட்டும் கேட்டார்.

வெட்டியவன் ஹுமைத். எண்பத்து நான்கில் மழை இல்லை, புல் இல்லை, ஆடு ஒவ்வொன்றாக விழுந்தது. மரத்தை உலுக்கி இலை உதிர்த்துக் கொடுத்தான். பிறகு கிளையை முறித்தான். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அடியோடு சாய்த்துவிட்டு, மிச்சத்தைக் கரி போட்டுவிட்டான். பச்சை மரத்தை வெட்டுகிறவனை நம் மக்கள் தலைமுறைக்கும் எப்படிக் காறித் துப்புவார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் வெட்டியது அன்றுவரை எனக்கே தெரியாது. அவனை முதுகில் சுமந்து அங்கே இறங்கி, மரம் இல்லாததைப் பார்த்து நான் திகைத்து நின்றபோதுதான் சொன்னான். "அண்ணே, நான்தான் வெட்டுனேன். ஸுவைலிம் மச்சான் எப்படிண்ணே இடம் கண்டுபிடிப்பாரு?" என்றான். உன்னை ஒரு குறையும் சொல்லவில்லை. கடைசிவரை அவனுக்கு உன்னைப் பற்றித்தான் கவலை.

அடுத்தது. நாங்கள் அங்கே வந்தது உச்சிப்பொழுதில் அல்ல. பிற்பகல் அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. பாறை அடைசலில் இரண்டு இடத்தில் அவனை இறக்கிவைத்து உட்கார்ந்தேன், காற்றில் மூச்சு விட முடியவில்லை. நீ அதற்குள் தாண்டிப் போயிருக்கிறாய். உனக்கும் எங்களுக்கும் நடுவில் மூன்று மணி நேரம்கூட இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை அவன் போய்விட்டான். அவனை அடக்கம் செய்துவிட்டு, மிச்சமிருந்த கல்லை எடுத்து அடிக்கட்டையையும் மூடினேன். எனக்கு அப்போது ஒரே நினைப்புதான். செத்தவன் தன் பெயருக்காக வாதாட எழுந்து வர மாட்டான். உயிரோடிருப்பவன் எப்படியாவது வாதாடிக்கொள்வான். நீ வாதாடினாய், நான் ஊரைச் சிரிக்க விட்டேன். பிறகு கணவாயில் குவியலை அடுக்கும்போது, அடுக்க அடுக்க, நீ உண்மையாகவே வரவில்லை என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. அது ஒன்றுதான் எனக்கு இத்தனை வருடம் தூக்கம் கொடுத்தது. கட்டை வெளியே வந்ததோடு அதுவும் போயிற்று.

போன வெள்ளிக்கிழமை ஜமாஅத் கூடியதும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதங்களைப் படிக்கவில்லை, அது உன் விஷயம். நடுவர் அபூ ரிஷைத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கல்லை நீயே இறக்கு. அவன் பேரு சுத்தம்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி, அந்த எடத்துலயே வெள்ளைக் கல்லால ஒண்ணு நீயே ஏத்து" என்றார். ஹுமைதின் மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

இரண்டு நாள் குவியலைப் பிரித்தேன். நான் அடுக்கியது இடுப்பளவு. இப்போது என் தலைக்கு மேல் இருந்தது. எப்படி வளர்ந்தது என்று புரியாமல் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோடு நான்கு சிறுமிகள் வந்தார்கள். ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன பண்றீங்க பெரியப்பா! பாவம் பிடிச்சுக்கும், ஸுவைலிம் அவ்லியாவோட எடம் இது!" அவர்கள் எல்லோரும் குவியலுக்குப் பிறகு பிறந்தவர்கள். யாரோ ஒரு மகான் அங்கே இருந்து மறைந்தார் என்று நினைத்து, போகும்போதும் வரும்போதும் ஒரு கல் வைத்து, ஆடு சறுக்கிவிடக் கூடாது என்று துஆ கேட்டிருக்கிறார்கள். "ஏம்மா, அந்த அவ்லியா தூர்ல ஐஸ் உடைக்கறாரு!" என்றேன். ஒருத்தியும் நம்பவில்லை. உன்னைக் கேவலப்படுத்த நான் வைத்த கல் எது, அவர்கள் துஆவோடு வைத்த கல் எது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். வெள்ளையும் ஏற்றிவிட்டேன், முழங்காலளவுதான். அதற்கு மேல் குனிந்து நிமிர உடம்பு இடம் தரவில்லை.

தாளில் கவுதாரிக் கணவாய் என்று மையில் ஏறிவிட்டது. அபூ ரிஷைத் சொன்னார், நான் சொன்னேன், மூன்றாவதாக ஒரு பல்லில்லாத கிழவரைத் தேடிப் பிடித்தேன்.

காட்டாறு பிரிகிற இடத்துக்கு வஹீத் பெயர் கேட்டபோது நான் 'ஹுமைத் வெட்டிய மரம்' என்றேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க, அச்சுல வந்துடும்" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். மற்ற இரண்டு பேர் ஒத்துக்கொள்ள ஒரு நாள் ஆனது. நேற்று ஒத்துக்கொண்டார்கள். தாள் நாளை மறுநாள் போகிறது.

தம்பி பெயரைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தேன். கடைசியில் நானே அதைக் கொண்டுபோய் எழுதக் கொடுத்தேன். நுவைரா என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஃபுரைஜ்


எல் தூர்
5 மார்ச் 1997

மச்சான் ஃபுரைஜுக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. முதல் நாள் எனக்கு நானே படித்துவிட்டு ஐஸ் கிடங்கிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பதினோரு வருடமாக அதற்காகக் காத்திருந்தவன் நான். வந்த கோபம் ஒரு பீடி எரிகிற நேரம்கூட நிற்கவில்லை. அலுப்புதான் மிச்சம். ஹுமைத் பெயரை நீ அங்கே எழுதக் கொடுத்திருக்க வேண்டாம். நான் கேட்டது என் பெயரை எடுக்கத்தானே, அதற்குப் பதிலாக அவன் பெயரை ஏற்ற அல்லவே.

மறுநாள் நுவைராவை உட்கார வைத்துப் படித்தேன். நீ சொன்னபடி எதையும் விழுங்கவில்லை. என் ஜனவரிக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன், அந்தச் சிறுபெண்ணிடம் வழி கேட்காமல் போனதை. உன்னைப் பற்றியது மட்டும் அவளுக்குத் தெரிந்து என்னைப் பற்றியது தெரியாமல் இருந்தால் அது நியாயமாகாது. அவள் கையில் வலை இருந்தது. முடிச்சுப் போடுவதை நிறுத்தவே இல்லை. அவ்லியா என்கிற இடம் வந்தபோது சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. படித்து முடித்தேன். எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள், வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். அவ்வளவுதான், இதுவும் மற்றதோடு சேர்ந்து அவளுக்குள் போய்விட்டது என்று நினைத்தேன்.

பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அந்த மேல் மரத்தடியில ரெண்டு நாளும் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"நீ கட்டிக் குடுத்த ரொட்டிதான்" என்றேன். "ஒண்ணத் தின்னேன். ஒண்ண ஹுமைதுக்குன்னு வச்சிருந்தேன்."

"அவனுக்குத்தான் வயிறு சரியில்லையே, ரொட்டி எப்படித் தின்பான்?" என்றாள். "உங்களுக்கு ஒரு புத்தி வேணாமா?"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். மச்சான், தம்பி செத்த செய்தியை நான் கொண்டுவந்த அன்றும் அவள் என் எதிரில் அழவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து எனக்குச் சோறு போட்டாள். பதினோரு வருடமும் அப்படித்தான். அவன் நினைவு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். அன்றைக்கு அவள் எங்கேயும் போகவில்லை. என் தோளில் தலையை வைத்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி விடியும்வரை அழுதாள்.

ஸுவைலிம்